பேட்டரி பக்கத்தில் இருந்த ஃப்யூஸ்

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சீரீஸ். ஆனால் உனக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அப்படிக் கேட்டு உனக்கும் பழக்கமில்லை. கார் ஸ்டீரியோ கடையில் நின்றபடி பேசினாய். அடுத்த மாதம் கல்யாணம் முடிந்த கையோடு நீயும் யாழினியும் புதுக் காரிலேயே புனே போய்க் குடித்தனம் வைக்கப் போகிறீர்கள், வழியெல்லாம் பாட்டு கேட்க டிக்கியில் ஒரு சப்வூஃபரும் அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும் வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். நல்ல ஆசைதான். "மா, பாரலல்ல போட்டா பேஸ் தூள் பறக்கும்ங்கறான் கடைக்காரன். போடச் சொல்லட்டா?" என்றாய். "நீயே போட்டா இன்னாடா?" என்று கேட்டேன். "நக்கோ மா. எனக்கும் வயருக்கும் ராசி இல்ல. உனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதிலை முடித்துவிடுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சப்வூஃபருக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு ஓம். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் அது சீரீஸ், இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்கு ஓம். இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் அது பாரலல், பாதியாகி ஒரு ஓம். உன் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இரண்டு ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் அதிகமாகக் கரண்ட் தள்ளியாக வேண்டும். கடைக்காரர் சொன்னபடி கடை வாசலில் பத்து நிமிடம் தூள்தான் பறக்கும். புனே ரோட்டில் ஜஹீராபாத் தாண்டுவதற்குள் ஆம்ப்ளிஃபையர் தோசைக்கல் மாதிரி சுட்டு அணைந்துபோகும், அப்போது கடைக்காரர் உன் பக்கத்தில் இருக்க மாட்டார். சீரீஸில் சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஒரு காருக்குள் இரண்டு பேர் கேட்க அது போதும், பேசிக்கொள்ளவும் முடியும். முதல் சுருளின் மைனஸிலிருந்து இரண்டாவது சுருளின் பிளஸுக்கு ஒரு சின்ன வயர். மீதமிருக்கும் இரண்டு முனைகளும் ஆம்ப்ளிஃபையருக்கு. ஐந்து நிமிட வேலை. கெய்ன் என்று ஒரு திருகு இருக்கும், அதை வால்யூம் என்று நினைத்து கடைசிவரை திருகிவைக்காதே. பாட்டு வருகிற வயர் காரின் ஒரு ஓரமாகவும், பேட்டரி வயர் மறு ஓரமாகவும் போகட்டும், இல்லாவிட்டால் இஞ்சின் முனகுவதும் சேர்ந்து கேட்கும். கிரவுண்ட் வயர் குட்டையாக இருக்க வேண்டும், பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்க வேண்டும்.

இனி முக்கியமான வயருக்கு வருகிறேன். பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் அந்தத் தடித்த சிவப்பு வயர். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் அதில் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் காரைக் கொடுக்காதே. அந்த ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றும், வயரைக் காப்பாற்றாது. நடுவில் எங்காவது தோல் தேய்ந்து வயர் காரின் தகரத்தில் பட்டுவிட்டால், பேட்டரி தன்னிடம் உள்ள மொத்தத்தையும் அந்த இடத்தில் கொட்டும். பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸ் ஒன்றுதான் அதை நிறுத்தும். இஞ்சினுக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில் ஓர் ஓட்டை வழியாக வயர் நுழையும், அங்கே ஒரு ரப்பர் வளையமும் கட்டாயம் வேண்டும். இதை எல்லாம் நான் உனக்குச் சொல்வது வேடிக்கைதான். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் இதை எனக்குச் சொன்னதே நீதான். நான் காதில் வாங்கவில்லை.

போன மாதம் உன் நிச்சயதார்த்தப் பந்தியில் என் தம்பி, உன் சேகர் மாமா, பெண் வீட்டாரிடம் அந்தக் கதையை எடுத்தான். நான்கு பேர் கிடைத்துவிட்டால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்பிள கையில எதை வேணா குடுங்க, வயரை மட்டும் குடுத்துராதீங்க. இன்டர் படிக்கறப்போ காருக்கு ஸ்பீக்கர் வெக்கறேன்னுட்டு பெத்த அப்பனையே கொளுத்தப் பாத்தான்," என்றான். யாழினியின் அம்மா, பாவம், கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, "அப்படிங்களா?" என்று பாதி பயந்து பாதி சிரித்தார். யாழினியும் சிரித்தாள். நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, "ஹவ் ஹவ், ஃப்யூஸ் போட மறந்துட்டேன்," என்று ஆமோதித்து நீயே எடுத்துக் கொடுத்தாய். இந்தக் கதை உன் அத்தை பெண்ணின் கல்யாணத்தில் சொல்லப்பட்டிருக்கிறது, மாமாவின் புதுவீட்டு விசேஷத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீ சிரிப்பாய், நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று யாழினியும் சிரித்ததைப் பார்த்ததும் இலையை மூடிவிட்டேன். இன்னும் நாற்பது வருடம் அவள் உன்னை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள்.

உனக்கு அப்போது பதினேழு வயது. தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்று சொல்லி, கோட்டி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பழைய சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வந்தாய். லோத்குண்டாவில் நம் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அப்பாவின் பழைய காரில் சீட்டைக் கழற்றி, மிதியடிகளைத் தூக்கி, பாதி உடம்பு காருக்குள்ளும் பாதி தெருவிலுமாகக் கிடந்தாய். நான் டீ கொண்டுவந்து நின்றேன். "மா, பேட்டரி கிட்டயே ஃப்யூஸ் வேணும், இல்லாட்டி வயரே ஹீட்டர் ஆயிடும்," என்று விளக்க ஆரம்பித்தாய். "எனக்கே வயர் சொல்லித் தர்றியாடா நீ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பாலாநகரில் விமானத்துக்கான மின்னணுப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அப்போது எனக்குப் பதினாறு வருட சர்வீஸ், வயர்கட்டு பரிசோதிக்கும் வேலை. அந்தத் திமிர். மாலையில் பாட்டு வந்தபோது மேல்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா, "சத்தத்தக் கொறைடா," என்று அதட்டினார். மறுநாள் ரயில்வே ஆபீஸிலிருந்து இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்து, "எம் பையன் பண்ணது," என்று காட்டினார். உனக்கு அது தெரியாது, நீ டியூஷன் போயிருந்தாய்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. நீ இன்டர் காலேஜுக்குப் போய்விட்டாய், அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார். நான் பானெட்டைத் திறந்தேன். பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு வயர் தொய்ந்து கிடந்தது. ஃப்யூஸ் வைத்த சின்னப் பெட்டி பேட்டரி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. தகரச் சுவரில் வயர் நுழையும் இடத்தில், பழைய ஏர்கூலர் குழாயில் ஒரு துண்டு நறுக்கிச் செருகியிருந்தாய். எங்கள் பிரிவில் ஒரு வயர் நூலளவு தொய்ந்தாலும் நான் திருப்பி அனுப்புவேன். ஒரே இடைவெளியில், ஒரே முடிச்சில், மெழுகு நூலால் கட்டியிருக்க வேண்டும். பார்க்க ஒழுங்காக இருந்தால் சரியாக இருக்கிறது என்று நம்பியே எனக்கு அத்தனை வருடம் போயிருந்தது. அங்கே எல்லாமே டிராயிங்கில் இருக்கும். ஃப்யூஸ் எங்கே என்பதை டிராயிங் சொல்லும், ஏன் அங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. நான் பார்த்து அனுப்பிய ஒரு பெட்டிக்குக்கூட நான் கரண்ட் கொடுத்ததில்லை, அது பக்கத்துக் கட்டடத்தின் வேலை. அன்று என் கையில் டிராயிங் இல்லை, கண் மட்டும்தான் இருந்தது. உன் ஃப்யூஸ் பெட்டியை வெட்டி எடுத்தேன். ஆம்ப்ளிஃபையரில்தான் ஃப்யூஸ் இருக்கிறதே என்று நினைத்தேன். வயரைக் குறைத்து நேராக பேட்டரியில் மாட்டினேன். விறைப்பாக இழுக்க அந்தக் குழாய்த் துண்டு இடைஞ்சலாக இருந்தது, அதையும் உருவிப் போட்டேன். பிறகு மெழுகு நூலால் வரிசையாகக் கட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது. பானெட்டை மூடிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு போய்க் குளித்தேன்.

தொழிற்சாலையில் ஒருவர் முடித்த வேலையில் இன்னொருவர் கை வைத்தால், வேலை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை கொடுத்ததே இல்லை, அழவைத்திருக்கிறேன். வீட்டில், நான் பெற்ற பிள்ளையின் வேலையில் கை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் உன் முகம் வாடிப்போகும் என்பதால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அது பொய். சொன்னால் நீ எதிர்த்துப் பேசுவாய், பேசினால் நீ சொல்வது சரியாக இருந்துவிடும் என்று உள்ளூர ஒரு பயம். பதினாறு வருட சர்வீஸ்காரிக்கு, பதினேழு வயதுப் பையனிடம்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது வாரம் ஒரு காலையில் அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். திருமலகிரி சௌரஸ்தா தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. அப்பா ஓரம் கட்டுவதற்குள் அவர் கால் வைத்திருந்த இடத்தில் மிதியடி எரிந்தது. உருகிய வயரின் தோல் சொட்டி அவர் வலது கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த லாரியிலிருந்து ஒரு ராணுவக்காரர் குதித்து ஓடிவந்து, பானெட்டைத் தூக்கி பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மெக்கானிக் வந்து பார்த்து, "ஃப்யூஸிச் நை டாலே சாப்," என்று தலையில் அடித்துக்கொண்டார். ஃப்யூஸே போடவில்லையாம். என் மெழுகு நூல் முழுக்க எரிந்துபோயிருந்தது.

அப்பா காலில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். வலியில் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "இனிமே இந்த வூட்ல நீ ஒரு பல்பக்கூடத் தொடக் கூடாது," என்றார். நீ, "பேட்டரி பக்கத்துல போட்டேன்பா," என்றாய். "எங்கடா போட்ட? போய்க் காட்டு," என்றார். நீ மெக்கானிக் ஷெட்டுக்கு சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். கதவருகில் நின்று, "மறந்துட்டேன் போல," என்று மெதுவாகச் சொன்னாய். போட்ட கை உன்னுடையது, போட்டது உனக்கு நினைவிருந்தது, ஆனாலும் உன் நினைவையே நீ நம்பாமல் விட்டுவிட்டாய். நான் உனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்று மதியமே, நான் வெட்டி எடுத்து அலமாரியில் போட்டிருந்த உன் ஃப்யூஸ் பெட்டியைப் பேப்பரில் சுற்றி, குப்பை வண்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். காரை எரித்தது அறியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. மன்னிப்புக் கேட்பது இதற்காகத்தான்.

அப்பாவின் கால் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கால் ஆறியது. உன் பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. எலக்ட்ரானிக்ஸ் சீட் கைக்கு வந்தபோது நீ, "நக்கோ மா, நமக்கு அது ஒத்துவராது, பி.காம் போதும்," என்றாய். அந்த ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டும். நீ கெட்டுப்போய்விட்டாய் என்று புலம்ப மாட்டேன், உன் வேலையில் நீ நன்றாகத்தான் இருக்கிறாய். ஆனால் முப்பது வயது ஆள், மாதாப்பூர் ஃப்ளாட்டில் ஃபேன் ரெகுலேட்டர் கெட்டுப்போனால் எலக்ட்ரீஷியன் வரும்வரை மூன்று நாள் வேர்த்துக்கொண்டு கிடக்கிறாய். உன் கைக்கு அது பத்து நிமிடம். அந்தக் கையை உன்னிடமிருந்து பிடுங்கியது நான்.

இது காலையில் உனக்கு வரும். மாலையில் இதையே நம் குடும்பக் குழுவில் போடப் போகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை. உன் மேல் பழி விழுந்தது நான்கு பேர் நடுவில், அதை எடுப்பதும் நான்கு பேர் நடுவில்தான் நடக்க வேண்டும். சேகர், நீயும் படி. இனி அந்தக் கதையைச் சொல்வதானால் என் பெயரைப் போட்டுச் சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை, உனக்குத்தான் சிரிப்பு வராது. யாழினி, நீயும் படிம்மா. இவன் மறக்கிற ஆள் இல்லை. பதினேழு வயதில் ஒரு வேலையை முழுசாக, சரியாகச் செய்தவன்.

கல்யாணமாகிப் போகிறவனுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இன்னும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், தப்பு செய்தவளுக்கு அந்த விஷயம் கொஞ்சம் கூடவே தெரியும். யாழினி ஒன்றைச் செய்து வைத்திருந்தால், அது உன் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தாலும் அவள் இல்லாதபோது திருத்தாதே. ஏன் அப்படி வைத்தாய் என்று கேள். அவளிடம் ஒரு காரணம் இருக்கும். கேட்ட பிறகும் கோணலாகவே தெரிந்தால் அவள் முன்னாலேயே சண்டை போடு, தப்பில்லை. தெரியாமல் எதையாவது கெடுத்துவிட்டால் அன்றே சொல்லிவிடு. முதல் நாளே நான் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நான் தள்ளிப்போட்டேன், பதின்மூன்று வருடம் உன் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வயரைப் பற்றிப் பேச முடியவில்லை.

நேற்று காலை டிபன் முடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "அவன் போட்டிருந்தானா?" என்றார். "போட்டிருந்தான். சரியான எடத்துல போட்டிருந்தான். நாந்தான் வெட்டினேன்," என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. என் மேல் கோபம் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், அதை நான் பட்டுத்தான் ஆக வேண்டும். மூன்று மணிக்கு உள்ளே வந்தார். "அன்னிக்கு அவன அவ்ளோ பேசிட்டனே," என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது உன் தாத்தா போனபோது, அதன் பிறகு நேற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செருப்பை மாட்டியபடி, வாசலில் நின்றே சொன்னார்.

"கடைக்காரன் தொட வேணாம்னு சொல்லு. ஞாயித்துக்கெழம இங்க வந்து அவனே வயரப் போடட்டும். போட்டு முடிச்சதும் மொதல்ல ஓட்டறது நான்."

வந்துவிடு.

அம்மா